ஒரு முறைக்கு மேல் இல்லை

ஐரோப்பாவின் பெரும்பாலான தலைநகரங்களில் சுற்றுலாப் பயணிகளுக்கென்று ஒரு சலுகை அட்டை விற்கிறார்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும், இலக்கணம் ஒன்றுதான். முன்கூட்டியே ஒரு தொகையைக் கட்டிவிட்டால் குறிப்பிட்ட மணிநேரத்துக்கு அரண்மனை, அருங்காட்சியகம், படகுச் சவாரி எதற்கும் தனியாகச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. கோபன்ஹேகன் அட்டையின் பட்டியலில் எண்பதுக்கும் மேற்பட்ட இடங்கள் உண்டு. விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வரும் ரயிலும், நகருக்கு வெளியே நெடுந்தொலைவு செல்லும் ரயிலும்கூட அதிலேயே அடக்கம். இருபத்து நான்கு மணிநேரம், நாற்பத்தெட்டு, எழுபத்திரண்டு என்று பல அளவுகளில் கிடைக்கிறது. வாங்கிய கணத்திலிருந்து அல்ல, முதன்முதலாகப் பயன்படுத்தும் கணத்திலிருந்துதான் அதன் கடிகாரம் ஓடத் தொடங்கும். தொடங்கிவிட்டால் நாம் உறங்கும் நேரத்திலும் அது உறங்குவதில்லை.

2019 ஜூன் மாதம் அம்மாவும் நானும் அந்த நகரத்தில் மூன்று நாட்கள் இருந்தோம். என் தம்பி சுவீடனின் மால்மோ நகரில் வேலை பார்க்கிறான். கடலுக்கு மேலே பாலம் கட்டி 2000ஆம் ஆண்டில் திறந்த பிறகு மால்மோவிலிருந்து கோபன்ஹேகன் ரயிலில் ஒரு மணிநேரத்துக்கும் குறைவான தூரம். அவனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஆகவே எங்கள் இருவருக்கும் எழுபத்திரண்டு மணிநேர அட்டையை வாங்கித் தந்து, கூடவே கணினியில் தயாரித்த ஓர் அட்டவணையையும் கையில் கொடுத்து அனுப்பினான். எந்த நாள் எந்த இடம், அதன் தனிக்கட்டணம் எவ்வளவு, அட்டையால் மிச்சமாவது எவ்வளவு என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தான். கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘லாபம்’. காலையில் அவசரப்படாமல் முற்பகல் பதினொரு மணிக்கு அட்டையைத் தொடங்கினால் மூன்று நாள் அட்டை நான்காம் நாளின் காலையையும் தொடும் என்பது அவன் சொல்லித் தந்த சூத்திரம். வியாழன் பதினொன்றுக்குத் தொடங்கினோம். ஞாயிறு பதினொன்று வரை நகரம் எங்களுடையது.

இந்த அட்டையைப் பற்றி வேறு எதைச் சொல்வதற்கு முன்பும் அதன் நன்மையைச் சொல்லிவிடுவதுதான் நியாயம். நம் ஊரிலிருந்து செல்பவர்களின் மனத்துக்குள் ஒரு பெருக்கல் வாய்பாடு ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது ஒரு டேனிஷ் குரோன் ஏறக்குறையப் பத்து ரூபாய். கடையில் தொங்கும் விலைப்பலகையைப் பார்ப்பாள் அம்மா. மனத்துக்குள் ஒரு பூஜ்யம் சேர்ப்பாள். “காப்பிய ரூமுலயே போட்டுக்கலாம்” என்பாள். அத்தகையவர்கள் ஓர் அரண்மனையின் வாசலில் நின்று ஒவ்வொரு முறையும் சீட்டுக்குப் பணம் எடுக்க வேண்டுமென்றால், முதல் வாசலுக்கு உள்ளே போவார்கள். இரண்டாவதை வெளியிலிருந்தே புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள். அட்டை அந்த வாய்பாட்டை நிறுத்திவைக்கிறது. பணம் ஏற்கெனவே போய்விட்டது. இனித் தயங்க ஒன்றுமில்லை. நடுத்தர வர்க்கத்துப் பயணிக்கு அது தரும் துணிச்சலைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் அது ஒரு வாய்பாட்டை நிறுத்திவிட்டு இன்னொன்றைத் தொடங்கிவைக்கிறது. எங்கள் பக்கத்தில் நவக்கிரகச் சுற்றுலா என்று ஒன்று உண்டு. விடியுமுன் கும்பகோணத்தில் வண்டி ஏறினால் இரவுக்குள் ஒன்பது தலங்களும் முடிந்துவிடும். திருவெண்காடு ஆயிற்று, கீழப்பெரும்பள்ளம் ஆயிற்று என்று விரலை மடக்கிக்கொண்டே வருவார்கள். சன்னதியில் நிற்கும்போது அடுத்த கோயிலின் நடை சாத்தும் நேரம் நினைவில் இருக்கும். அட்டையோடு சுற்றும் பயணிக்கும் அதே நிலைதான். ஜூன் மாதத்தில் அந்த ஊரில் இரவு பத்து மணிக்கு நெருக்கத்தில்தான் இருட்டுகிறது. ஆனால் அருங்காட்சியகங்களில் பலவும் மாலை ஐந்து மணிக்கெல்லாம் மூடிவிடுகின்றன. வெளிச்சம் இருக்கிறது, வாசல் இல்லை. ஆகவே பகலில் ஓட வேண்டியிருக்கிறது.

இங்கே அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது அவளுக்கு எழுபத்தொரு வயது. பொறையாரில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து 2006இல் ஓய்வுபெற்றவள். பொறையாருக்குப் பக்கத்தில்தான் தரங்கம்பாடி. முப்பது ஆண்டுகள் ஒன்று விடாமல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி அங்கிருக்கும் டேனிஷ் கோட்டைக்கு அழைத்துச் சென்றவள். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு டேனியர்கள் செய்துகொண்ட உடன்படிக்கை, அதன்பின் எழுந்த கோட்டை, 1706இல் வந்து இறங்கிய சீகன்பால்கு, அவர் நிறுவிய அச்சகம், 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சேராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனது என்று எல்லாவற்றையும் கடற்கரை மணலில் உட்காரவைத்துச் சொல்வாள். நானும் அந்த வரிசையில் நின்றவள்தான். அந்தக் கதையில் கப்பல்களை அனுப்பிய அரசனின் பெயர் நான்காம் கிறிஸ்டியன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவன் ‘டென்மார்க் ராஜா’.

எனவே கோபன்ஹேகன் அம்மாவுக்கு முற்றிலும் அயலூர் அல்ல. அங்கே திரும்பிய பக்கமெல்லாம் நான்காம் கிறிஸ்டியன் கட்டியவைதாம். 1588 முதல் 1648 வரை அறுபது ஆண்டுகள் அரசனாக இருந்தவன். கட்டிடப் பித்துக் கொண்டவன். முதல் நாள் நாங்கள் ஏறிய வட்டக் கோபுரமும் அவன் கட்டியதே. 1642இல் முடிந்த அந்தக் கோபுரத்தின் உச்சியில் வானாய்வுக் கூடம் அமைத்தார்கள். அம்மாவின் முழங்கால்களுக்கு அந்த அரசன் செய்த பேருதவி, அதில் படிகள் வைக்காததுதான். செங்கல் பாவிய சாய்தளம் ஏழரைச் சுற்றுச் சுற்றி மேலே போகிறது. உட்சுவர் ஓரமாக அல்லாமல் வெளிச்சுவர் ஓரமாக நடந்தால் மூச்சு வாங்காது. 1716இல் உருசியப் பேரரசர் பீட்டர் இதில் குதிரையிலேயே ஏறியிருக்கிறார். உச்சியை நெருங்கும்போது மட்டும் ஒடுங்கிய படிகள் வருகின்றன. அம்மா அங்கேயே நின்றுகொண்டாள். நான் மேலே போய் ஊரைப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். சுவரில் கைவைத்துக்கொண்டே இறங்கினாள்.

அன்று மாலை கால்வாய்ப் படகு. ஒரு மணிநேரச் சவாரி. பாலங்கள் மிகத் தாழ்வானவை. தலையைத் தூக்காதீர்கள் என்று வழிகாட்டிப் பெண் எச்சரித்துக்கொண்டே வந்தாள். துறைமுகத்தின் கிறிஸ்டியன்ஸ்ஹவன் கரையில் பதினெட்டாம் நூற்றாண்டு ஆசிய கம்பெனியின் பெரிய கிடங்கு நிற்கிறது. கிழக்கிலிருந்து வந்த சரக்குகள் இறங்கிய இடம். அதன் முற்றத்துக்கு இன்றும் ஆசியச் சதுக்கம் என்றே பெயர். வெளியுறவு அமைச்சகம் அங்கே இருக்கிறது. வழிகாட்டி அதைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அதில் தரங்கம்பாடி இல்லை. அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. இருநூற்றிருபத்தைந்து ஆண்டுகள் எங்கள் ஊரில் கொடி நாட்டியவர்களுக்கு நாங்கள் ஒரு வாக்கியத்தின் அளவுகூட இல்லையே என்ற எண்ணம் எனக்குத்தான் வந்தது. அடுத்த வளைவில் கடற்கன்னிச் சிலையின் முதுகு தெரிந்தது. எல்லோரும் கைபேசியை உயர்த்தினார்கள்.

படகிலிருந்து நாங்கள் பார்த்தவற்றில் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். நாடாளுமன்றம் இருக்கும் தீவின் ஓரத்தில் செங்கல்லால் ஆன ஒரு நீண்ட கட்டிடம். அதன் நடுவே நான்கு கடல்நாகங்களின் வால்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு வானை நோக்கிப் போகும் ஒரு கூர்ங்கோபுரம். பழைய பங்குச் சந்தை மாளிகை. இதுவும் நான்காம் கிறிஸ்டியன் கட்டியதே. 1619இல் வேலையைத் தொடங்கி, 1625இல் அந்தக் கோபுரத்தை ஏற்றினார்கள். தரங்கம்பாடிக் கோட்டைக்கும் இதற்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒரே கையால், ஒரே வணிக ஆசையால், உலகின் இரு முனைகளில் எழுந்தவை. “நம்ம கோட்டையோட கூடப்பொறந்தது” என்றாள் அம்மா. உள்ளே பொதுமக்களுக்கு அனுமதி இல்லாததால் அது அட்டையின் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததால் அதற்கு நேரக் கணக்கும் இல்லை. அந்த மூன்று நாட்களில் நாங்கள் அந்த வழியாக எத்தனையோ முறை நடந்தோம். ஒவ்வொரு முறையும் அம்மா எதிர்ப்புறம் நின்று அந்த வால்களின் முறுக்கை அண்ணாந்து பார்த்தாள். எந்த வால் எந்த நாகத்துடையது என்று பின்தொடர்ந்து பார்ப்பது அவளுக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

இரண்டாம் நாள் ரோசன்போர்க் அரண்மனை. தம்பியின் அட்டவணை அதற்கு ஒரு மணிநேரம் ஒதுக்கியிருந்தது. பிற்பகலில் தேசிய அருங்காட்சியகம், அதன்பின் இன்னும் இரண்டு இடங்கள். ஒரு பெரிய பூங்காவின் நடுவே நிற்கும் அந்தச் சிறிய அரண்மனையை நான்காம் கிறிஸ்டியன் தன் விருப்ப மாளிகையாகக் கட்டிக்கொண்டான். இறக்கும் தறுவாயில் தன்னை அங்கே கொண்டுபோகச் சொல்லி, அங்கேயே இறந்தான். முடிசூட்டு அரியணையும், அதைக் காக்கும் மூன்று வெள்ளிச் சிங்கங்களும், மணிமுடிகளும் அங்கே இருக்கின்றன. கூட்டம் முழுவதும் அவற்றைச் சுற்றித்தான். அம்மா வேறொரு கண்ணாடிப் பேழையின் முன்னால் நின்றுவிட்டாள்.

1644இல் கடற்போர் ஒன்றில் சுவீடன் கப்பலின் குண்டு வெடித்துச் சிதறியதில் அந்த அரசன் ஒரு கண்ணின் பார்வையை இழந்தான். அப்போது அவனுக்கு வயது அறுபத்தேழு. அன்று அவன் அணிந்திருந்த உடைகள் இரத்தக் கறையோடு அப்படியே அங்கே இருக்கின்றன. முந்நூற்று எழுபத்தைந்து ஆண்டுப் பழைய கறை. துருவின் நிறத்துக்கு வந்துவிட்டிருக்கிறது. காயத்திலிருந்து எடுத்த சில்லுகளைக் காதணிகளில் பதித்து அவற்றையும் பாதுகாத்திருக்கிறார்கள்.

“முப்பது வருஷமா பிள்ளைங்ககிட்ட இவரு பேரச் சொல்லிருக்கேன். இவருக்கும் சட்டை இருந்துருக்கும், அதுல ரத்தம் பட்டுருக்கும்னு ஒருநாளும் தோணலையேடி” என்றாள்.

ஒரு மணிநேரம் கடந்து மேலும் நாற்பது நிமிடங்கள் ஆயின. நான் அடுத்த இடத்தின் பெயரைச் சொன்னேன். வந்தாள், மற்ற இடங்களையும் பார்த்தாள். ஆனால் மாலையில் அறைக்குத் திரும்பியதும் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “நாளைக்கு அங்கயே இன்னொரு தடவ போவோம்” என்றாள்.

அட்டையின் விதிமுறைகளை எடுத்துப் பார்த்தேன். ஓர் இடத்துக்கு ஒரு முறைதான் அனுமதி. வணிக நோக்கில் அது நியாயமான விதி. ஒவ்வொரு நுழைவுக்கும் அந்தந்த இடத்துக்குப் பணம் போக வேண்டும் அல்லவா. ஆனால் அந்த விதியின் அடியில் பார்த்தல் என்பதைப் பற்றிய ஒரு கருத்தும் இருக்கிறது. ஒன்றைப் பார்ப்பது என்றால் ஒரு முறை பார்ப்பது. பார்த்தாயிற்று என்றால் முடிந்தது. அடுத்து, இன்னும் பார்க்காத ஒன்று. எண்பது இடங்களையும் ஒரு முறை பார்க்கலாம். ஓர் இடத்தை இரு முறை பார்க்க வழியில்லை.

மூன்றாம் நாளுக்குத் தம்பி திட்டமிட்டிருந்தது ஹெல்சிங்கோரில் உள்ள க்ரோன்போர்க் கோட்டை. ஷேக்ஸ்பியர் தம் ஹாம்லெட் நாடகத்துக்குக் களமாக்கிய எல்சினோர் அதுதான். ரயில் கட்டணம், நுழைவுக் கட்டணம் இரண்டும் அட்டையில் சேர்ந்துவிடுவதால் ‘லாபம்’ கட்டத்தில் மிகப் பெரிய எண் அன்றைக்குத்தான். எனக்கும் அங்கே போக வேண்டும் என்று இருந்தது. இலக்கியம் கற்பிப்பவளுக்கு அது எப்படிப்பட்ட ஆசை என்று இங்கே வாசிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நகரத்தில் தனியே இருக்க அம்மா அஞ்சினாள். அவ்வளவு தூரம் போய்க் கோட்டைப் படிகளில் ஏறவும் அவளால் ஆகாது. “நீ போறதுன்னா வர்றேண்டி, கீழ உக்காந்துருக்கேன்” என்றாள். அந்தக் குரலில் வருத்தம் இல்லை. அதுதான் என்னை யோசிக்க வைத்தது.

அன்றிரவு வெகுநேரம் வெளிச்சம் போகவில்லை. என் வகுப்பறை நினைவுக்கு வந்தது. ஒவ்வோர் ஆண்டும் குறுந்தொகையை எடுக்கும்போது எவரேனும் ஒருவர், “இந்தப் பாட்டை இளங்கலையிலேயே படித்துவிட்டோம் மேடம்” என்பார்கள். இருபது ஆண்டுகளாக அதே பாடல்களை நடத்துகிறேன். முதல் ஆண்டு சொற்களுக்குப் பொருள் சொன்னேன். பல ஆண்டுகள் கழித்துத்தான் ஒரு பாடலில் தலைவி பேசாமல் விட்டது எது என்று கேட்கத் தெரிந்தது. பாடல் மாறவில்லை, அதன் முன்னால் நிற்கும் நேரம் கூடிக்கொண்டே போனது. அம்மா முப்பது ஆண்டுகள் ஒரே கோட்டைக்குப் போனதை நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது கேலி செய்திருக்கிறோம். அவளோ ஒவ்வோர் ஆண்டும் மாசிலாமணிநாதர் கோயிலின் எந்தக் கல்வரை கடல் வந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு வந்தவள். 1306ஆம் ஆண்டுக் கோயில் அது; முன்பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. ஒரு முறை மட்டும் வந்துபோகும் பயணிக்கு அது இடிந்த கோயில். அம்மாவுக்கு அது இடிந்துகொண்டிருக்கும் கோயில். இந்த வேறுபாட்டை ஒரே முறை பார்த்து எவராலும் அறிந்துகொள்ள முடியாது.

சனிக்கிழமை காலையில் ரோசன்போர்க்குக்கே போனோம். அட்டை பைக்குள் இருக்க, வரிசையில் நின்று கைக்காசு கொடுத்து இரண்டு சீட்டுகள் வாங்கினேன். பெருக்கல் வாய்பாடு மனத்தில் ஓடத்தான் செய்தது. அம்மா வெள்ளிச் சிங்கங்களின் பக்கம் போகவேயில்லை; நேராக அந்தப் பேழைக்கு. நேற்று கறையைப் பார்த்தவள் இன்று துணியைப் பார்த்தாள். குனிந்து, தையல் எப்படி ஓடுகிறது, விளிம்பு எப்படி மடித்திருக்கிறது என்றெல்லாம் பார்த்தாள். தையல் தெரிந்தவள் அவள்; எங்கள் பள்ளிச் சீருடைகள் அவள் கையால் தைத்தவைதாம். “இத யாரோ ஒருத்தி ராவெல்லாம் ஒக்காந்து தச்சிருக்கா” என்றாள். முதல் நாள் அரசனைக் கண்டவளுக்கு மறுநாள் அந்தத் தையற்காரி தெரிந்தாள். மூன்றாம் முறை போயிருந்தால் இன்னும் யாரைக் கண்டிருப்பாளோ.

வெளியே வந்து பூங்காவில் உட்கார்ந்தபோது அவள் கேட்டது நாயக்கரின் பொன்னோலையைப் பற்றி. ரகுநாத நாயக்கர் நான்காம் கிறிஸ்டியனுக்குப் பொன் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய மடல் டென்மார்க்கின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அது வேடிக்கை பார்க்கும் இடம் அல்ல. அட்டையில் அதற்கு இடமும் இல்லை. டேனிஷ் வணிகக் கம்பெனிகளின் ஆவணத் தொகுதியை 1997இல் யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறது என்று சொன்னேன். “பத்திரமா வச்சிருக்காங்கல்ல, போதும்” என்றாள். நம் மொழியில் எழுதிய ஒரு பொன்னேடு இந்த ஊரின் ஏதோ ஓர் இருட்டறையில் படுத்திருக்கிறது என்ற நினைவோடு அந்த மரநிழலில் உட்கார்ந்திருந்ததை நான் அந்தப் பயணத்தின் காட்சிகளில் ஒன்றாகவே கணக்கு வைத்திருக்கிறேன்.

ஞாயிறு பதினொரு மணிக்கு அட்டை அணைந்தது. எண்பதில் ஒன்பதைப் பார்த்திருந்தோம். தம்பி தன் அட்டவணையைத் திருத்தி எழுதியபோது முதலுக்கு மோசமில்லை என்று தெரிந்தது. ரோசன்போர்க்கின் இரண்டாம் சீட்டுகளை மட்டும் எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியாமல் விட்டுவிட்டான். க்ரோன்போர்க்கை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

2024 ஏப்ரல் 16 அன்று காலை தம்பி ஒரு காணொளியை அனுப்பினான். பங்குச் சந்தை மாளிகை எரிந்துகொண்டிருந்தது. புதுப்பிக்கும் பணிக்காகச் சாரம் கட்டியிருந்த வேளையில் பற்றிய தீ. நான்கு நாகங்களின் வால்களும் முறுக்கு அவிழாமலேயே நெருப்போடு சரிந்து விழுந்தன. கட்டிடத்தின் ஏறக்குறையப் பாதி அழிந்தது. தீயணைப்பு வீரர்களோடு அங்கே பணிபுரிந்தவர்களும் தெருவில் போனவர்களும் சேர்ந்து பெரிய பெரிய ஓவியங்களைத் தோளில் சுமந்து வெளியே கொண்டுவந்ததும் அந்தக் காணொளியில் இருந்தது. அம்மா அதை இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தாள். பிறகு கைபேசியை என்னிடம் தந்துவிட்டு, சுண்டுவிரலை மோதிரவிரல்மீது ஏற்றி முறுக்கிக் காட்டி, “இந்தப் பக்கம் வந்த வாலு மூணாவது நாகத்தோடது” என்றாள். மாளிகையை மீண்டும் எழுப்பும் பணி நடந்துவருகிறது. புதிய கோபுரமும் வரும். பழையதன் முறுக்கு எப்படி இருந்தது என்பதை எங்கள் வீட்டில் ஒருத்தி விரல்களால் சொல்லுவாள். அட்டையின் பட்டியலில் இருந்திருந்தால் ஒரு முறை உள்ளே போய் வந்து, ஆயிற்று என்று விரலை மடக்கியிருப்போம்.

ஐரோப்பாவுக்குச் செல்லும் நண்பர்கள் இத்தகைய அட்டை வாங்கலாமா என்று என்னிடம் கேட்பதுண்டு. வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். முற்பகலில் தொடங்குங்கள்; திங்கட்கிழமைகளில் பல அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்; ரயில் இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள். கூடவே, இரண்டாம் முறைக்கென்று கொஞ்சம் கைக்காசைத் தனியே முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.